தேங்காயில் எட்டெழுத்து

மயிலாடுதுறையில் ஒரு காலத்தில் தட்டச்சுப் பயிலகமாக இருந்த மாடியறையில், பள்ளிப் பிள்ளைகள் பைத்தான் என்னும் கணினிமொழி பயில்கிறார்கள் என்றும், தாங்களே இயற்றிய சொல்விளையாட்டுச் செயலி ஒன்றைச் செப்பனிடும் பிரயாசையில் இருக்கிறார்கள் என்றும் நண்பர் ஒருவர் சொல்லவே, அந்த வகுப்பைப் பார்த்துவர ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

சொல்லொன்றின் எழுத்துக்களைக் கலைத்துக் காட்ட, ஆடுபவர் மூலச் சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. ஆங்கிலச் சொற்களோடு ஒழுங்காக நடந்த செயலி, தமிழ்ப் பட்டியலைக் கண்டதும் நிலைகுலைந்துவிட்டது. 'தேங்காய்' என்பதைக் கலைக்கச் சொன்னால், கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் புள்ளி வேறொருபுறமுமாகச் சிதறின. நமக்கு நான்கெழுத்தாகத் தோன்றும் அச்சொல், உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் கொடுத்திருக்கும் யூனிகோடு முறைப்படி, யந்திரத்துக்கு எட்டு: த, இரட்டைக் கொம்பு, ங, புள்ளி, க, கால், ய, மறுபடி புள்ளி.

"டீச்சர், இது தமிழே இல்ல" என்றாள் ஒரு சிறுமி.

ஆசிரியைக்கு இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. இளநிலை, முதுநிலைத் தட்டச்சுப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்து இதே அறையில் பல்லாண்டு ஜீவனம் நடத்தியவர் அவர். தமிழ்த் தட்டச்சில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்கவேண்டும். கணினியோ, திரையில் கொம்பை இடப்பக்கம் காட்டினாலும், எழுத்தை முன்னும் கொம்பைப் பின்னுமாகவே தன்னிடம் வைத்துக்கொள்கிறது. "கண்ணுக்கு முன்னால நிக்கும் சார், கணக்குல பின்னால நிக்கும்" என்றார்.

பயிலகத்தில் ஆள் குறைந்து, யந்திரங்களை எடைக்குப் போட்டபின், அவர் ஒரு பயிற்சி நிறுவனத்தில் மணிக்கூலிக்குச் சேர்ந்தார். அங்கே நிறுவனமே முடித்துவைத்த விளையாட்டில் பிள்ளைகள் நிறத்தையும் பெயரையும் மாற்றுவார்கள். உடனே சான்றிதழ் அச்சாகும். குழந்தை செயலி இயற்றிவிட்டதென்று பெற்றோர் பூரிப்பார்கள். ஒரு வரிப் பிழையைக்கூடத் தானே தேடித் திருத்தியறியாத பிள்ளைக்கு நிபுணன் என்று பட்டம் சூட்டி, கற்பிப்பவருக்குச் சொற்பத்தை எறிந்துவிட்டு, மிச்சத்தை விளம்பரத்தில் போட்டு மேலும் பெற்றோரைப் பிடிக்கும் இந்தத் தரகு வியாபாரத்தைக் கல்வி என்று அழைப்பவர்களை என்ன சொல்வது! அவர் ஆறு மாதத்தில் விலகிவிட்டாராம். அவ்வளவு நாள் பொறுத்ததே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

இந்த வகுப்பிலோ, ஓப்பன்-தமிழ் என்னும் இலவச நிரல்தொகுப்பில் எழுத்துப் பிரிக்கும் கருவி ஆயத்தமாக இருந்தும் ஆசிரியை அதை எடுத்துக் கொடுக்கவில்லை. வந்தது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, இல்லையேல் புது எழுத்தாக வை என்னும் விதியைப் பிள்ளைகளே வாதாடி வகுத்தார்கள், கலைப்பது ஒழுங்காயிற்று. ஆனால் 'கொய்யா' என்று சரியாக விடை எழுதினவனைச் செயலி தவறென்றது. ஆசிரியை பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து மாற்றிவைத்திருந்த பட்டியலில் 'கொ'வின் கொம்பும் காலும் இரண்டு எண்களாக இருந்தன. பையனின் விசைப்பலகையோ இரண்டையும் ஒரே எண்ணாகத் தந்தது. பார்வைக்குப் பேதம் துளியும் இல்லை. ஒப்பிடுமுன் இரண்டு சொற்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வரியொன்று சேர்ந்தபின் தகராறு தீர்ந்தது. செயலியைக் கைபேசியில் ஏற்றும் விதத்தையும் விளக்கினார்கள்; எனக்கு விளங்காததால் விட்டுவிடுகிறேன்.

பழுது நீங்கியதும் விளையாட்டு மிகச் சுலபமாகிவிட்டது என்ற புதுப் புகார் எழுந்தது. மெய் மொழிக்கு முதலில் வாராதாகையால், 'தேங்காய்' கலைந்த நான்கில் ங், ய் இரண்டும் தொடக்கத்துக்கு ஆகா. மிஞ்சுவன தேயும் காவும். நீண்ட சொற்கள் வேண்டும் என்று தீர்மானித்து, ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். ஒருவன் 'ஸ்ரீரங்கம்' என்றான். அவர்கள் வகுத்த விதி ஸ்ரீயை ஸ் என்றும் ரீ என்றும் இரண்டாக வெட்டிற்று.

"அந்தச் சொல்ல எடுத்துடலாமே" என்றார் ஆசிரியை.

"வேணாம் டீச்சர், எங்க பாட்டி ஊரு" என்று சொல்லிவிட்டு, ஸ்ரீக்கென்று தனி விதி எழுத உட்கார்ந்தான் அவன்.