ஆடிய சக்கரம்

வாப்பா விட்டுச்சென்ற பழைய சைக்கிளில் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது பின்சக்கரத்தின் அச்சு ஒடிந்தது. அல்லாஹ்வின் அருளால் பிள்ளைக்குக் காயமில்லை. பல வாரங்களாகவே அச்சக்கரம் பக்கவாட்டில் ஆடிற்று, நான்தான் பொருட்படுத்தவில்லை.

கழற்றிப் பார்த்தேன். பிரீவீல் பக்கத்துக் கோன் அருகே அச்சு முறிந்திருந்தது. முறிந்த துண்டுகளைக் கடையில் காட்டி, அதே நீளமும் மரையும் உடைய புதிய அச்சை வாங்கினேன். ஹப்பைத் துடைத்துக் கிரீஸ் தடவி, பக்கத்துக்கு 9 ஆக 18 பால்ரஸ் குண்டுகளைப் பதித்தேன். கோனை இறுக்கியபோது சக்கரம் முரண்டியது; தளர்த்தியபோது ஆடியது. சிறுகச் சிறுகத் திருப்பி, ஆடாமல் சுழலும் நிலை கண்ட பின்பே நட்டை முடுக்கினேன்.

சக்கரம் ஆடினால் அன்றே கவனியுங்கள். செலவு சிறிது, பின்னால் அமர்ந்திருப்பதோ நம் பிள்ளை!