எல்லாம் பூச்சில் சரியாகிவிடும்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். பிறர் கட்டிய வீட்டை விலை கொடுத்து வாங்கும் வழக்கம் அவர்கள் காலத்தில் இவ்வளவு பெருகியிருக்கவில்லை. பெருகியிருந்தால், "சாவி வாங்குமுன் தட்டிப் பார்" என்றும் நிச்சயம் சேர்த்திருப்பார்கள்.

சென்னையின் புறநகர் ஒன்றில் நம் நண்பர் ஒருவர் அடுக்குமாடி வீடு வாங்கினார். சாவி கொடுக்கும் தினத்தன்று நம்மையும், ஓய்வு பெற்ற ஓர் எஞ்சினீயரையும் அழைத்துப் போனார். எஞ்சினீயரின் பையில் இருந்தவை ஒரு தூக்குக் குண்டு, ஒரு ரசமட்டம், ஒரு சிறு மரச் சுத்தி, அவ்வளவுதான். வீடோ, கண்ணாடி போன்ற தரையும் வெள்ளி போல் மின்னும் குழாய்களுமாக ஜொலித்தது. நண்பர் பூரித்துப் போனார்.

எஞ்சினீயர் ஒன்றும் பேசாமல் ஸ்நான அறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். அது சாக்கடைத் துவாரத்தை அலட்சியம் செய்துவிட்டு, வாசற்படியை நோக்கிப் புறப்பட்டது. தரைக்கு வாட்டம் விடவில்லை! சுத்தியால் தரையைத் தட்டியபோது பல ஓடுகள் காலிப் பானை போல் ஒலித்தன; அடியில் சாந்து நிரம்பவில்லை. கீஸர் மாட்டும் இடத்தில் மூன்று துவாரமுள்ள பிளக் இருந்தது. மூன்றாவது துவாரத்துக்குப் பின்னால் 'எர்த்' கம்பியே இல்லை. கீழே வண்டி நிறுத்துமிடத்தில், தூண் ஒன்று தேன்கூடு போல் பொத்தல் விழுந்து, உள்ளிருக்கும் கம்பியைக் காட்டிக்கொண்டு நின்றது. அனுமதி பெற்ற வரைபடத்தில் காலியாக விட்டிருந்த பக்கவெளியில் ஓர் அறை முளைத்திருந்தது. தீயணைக்கும் வண்டி வர நேர்ந்தால் எவ்வழியே வருமோ, தெரியாது.

"எல்லாம் பூச்சில் சரியாகிவிடும், ஸார்!" என்றார் கம்பெனியின் பிரதிநிதி, புன்னகை மாறாமல்.

"பூச்சில் மறைந்துவிடும் என்று சொல்லுங்கள்" என்றார் எஞ்சினீயர்.

மறைவதற்கும் சரியாவதற்கும் உள்ள வித்தியாசந்தான் இங்கே உயிர் விஷயம். கம்பியைக் காப்பது அதன்மேல் போர்த்திய காங்கிரீட். இந்தியத் தர விதிகளின்படி, சாதாரண இடத்திலேயே அந்தப் போர்வை 20 மில்லிமீட்டர் வேண்டும்; கடற்காற்று நேரே படும் இடத்தில் 45 வேண்டும். போர்வை குறைந்தால் ஈரமும் காற்றும் உள்ளே புகும், கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் காங்கிரீட் வெடித்து உதிரும். புதுக் காங்கிரீட்டுக்குச் சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமெண்டானால் 10 நாளும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாளே நிறுத்திவிட்டால், வெளியே பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பலம் மட்டும் குறைந்திருக்கும்.

மௌலிவாக்கத்தை மறந்துவிட முடியுமா? அங்கே எழும்பிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடமும் வெளிப் பார்வைக்குக் கம்பீரமானதுதான். 2014 ஜூன் 28 மாலை, மழையில் அது சரிந்து 61 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாண்டவர்களில் பெரும்பாலோர் வீடு வாங்கியவர்கள் அல்லர். அதைக் கட்டிக்கொண்டிருந்த ஏழைத் தொழிலாளிகள். அருகில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

நம் நண்பர் குறைகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்து, அவை தீரும் வரையில் சாவி வேண்டாமென்றார். "மற்றவர்களெல்லாம் சந்தோஷமாக வாங்கிப் போய்விட்டார்களே!" என்று பிரதிநிதி வியந்தார். "அந்தக் கீஸரைத் தொடப் போகிறவன் என் பேரன்" என்றார் நண்பர். அதற்குப் பதில் வரவில்லை.

சட்டம் நமக்குத் துணையில்லாமல் இல்லை. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவான குடியிருப்புகளில், வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும். ஆனால் குறையைக் கண்டு எழுத்தில் கொடுக்க வேண்டியவர் வீட்டுக்காரரே.

ஆகவே, வீடு கட்டுகிறவர்கள் காங்கிரீட் கொட்டுமுன், கம்பி கட்டிய நிலையில் ஒரு தரம் விஷயம் தெரிந்தவரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்கட்டும். வாங்குகிறவர்கள் வரைபடத்தையும் நிறைவுச் சான்றிதழையும் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். ஒரு முழக் கதரை வெளிச்சத்தில் பிடித்து நூலெண்ணிப் பார்க்கும் நாம், ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தை ஒரு பூச்சை நம்பிக் கொடுப்பானேன்?