பானைக்குள் நாலு பேர்!

‘பாம்புக்கு நூறு வயசானா மாணிக்கம் கக்கும்’ என்பார்கள் பாட்டிகள். மாணிக்கம் கிடக்கட்டும், அது முதலில் நூறைத் தொட வேண்டாமா?

இந்தச் சந்தேகம் தீர, மகாபலிபுரம் போகிற பஸ்ஸில் ஏறி, அதற்கு முன்னாலேயே வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இறங்கிவிடுங்கள். உள்ளேயே இருக்கிறது, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மண்பானைகளின் வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது நாலே ஜாதி: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

“தினம் எவ்வளவு பால் சார் வைப்பீங்க?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“பாலை நீங்க குடிங்க சார். அதுக்கு எலி போதும்!”

நல்ல பாம்புக்கு எலி, தவளை. கண்ணாடி விரியனுக்கும் எலிதான் இஷ்டம். சுருட்டைக்குத் தேள், பூரான்கூட ஓ.கே. கட்டுவிரியனோ சக பாம்பையே விழுங்கும். ஒரு வேளை நன்றாகச் சாப்பிட்டால் ஒரு வாரத்துக்கு மெஸ் பில் கிடையாது.

வீடு? சொந்தமாகக் கட்டுகிற வழக்கமே இல்லை. கறையான் கட்டிய புற்று, எலி தோண்டிய வளை. அட்வான்ஸ் கிடையாது, வாடகை கிடையாது. பசித்தால் ஹவுஸ் ஓனரையே சாப்பிட்டுவிடலாம்!

இப்போது வயசு. கூண்டில் வைத்துப் பராமரித்தால் நல்ல பாம்பு 20 வருஷத்தைத் தாண்டும். காட்டில் அந்தக் கதை நடக்காது. குட்டியாக இருக்கும்போதே கீரி, மயில், கழுகு, உடும்பு என்று வரிசையில் நிற்கின்றன. தப்பிப் பிழைத்தால் லாரி டயர், இல்லாவிட்டால் நம் கைத்தடி.

ஒரு காலத்தில் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது, பிறகு தோல் வியாபாரமே நின்று பிழைப்பு போனது. 1978-ல் ராமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இந்தச் சங்கம். பிடித்த பாம்பு சில வாரம் பானையில் விருந்தாளி. விஷம் எடுத்ததும் வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைத் துளித்துளியாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து தயாராகிறது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது 2020-ல் வெளியான ஓர் ஆய்வு. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். பிழைத்தவர்கள் பலர், ஏதோ ஓர் இருளர் வரப்பில் தடம் பார்த்துப் பிடித்த பாம்புக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள். அந்தக் கண்ணுக்குத்தான் 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ. 2017-ல் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள்!

வயலை மனை போட்டு ஃபிளாட் வாங்கிய அன்பர்களே! ராத்திரி டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். தரையில் படுத்தால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். கடித்துவிட்டால் மந்திரம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. முக்கியமாக, மாடிப்படிக்குக் கீழே குப்பை சேர்க்காதீர்கள். எலிக்கு நாம் விருந்து வைத்தால், பாம்பு இலை போட்டு உட்காராமல் என்ன செய்யும்?