கோடை ரயரும் குளிர்மலைப் பாதையும்

காரைப் பற்றிப் பேசுவோர் அதன் எஞ்சினைப் பேசுவர், நிறத்தைப் பேசுவர், பெற்றோல் எவ்வளவு குடிக்கிறது என்று கணக்குப் பார்ப்பர். நிலத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ரயர் ஒன்றே என்பதை நினைப்பவர் மிகச் சிலர். ஒரு ரயர் வீதியிற் பதியும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவினது. ஆகவே ஒரு குடும்பம் முழுவதும் நான்கு உள்ளங்கைகளின் மீது பயணஞ் செய்கிறது எனலாம்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரின் காரில், அவரும் நானும் பிள்ளைகள் மூவருமாக யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்குச் சென்றோம். புறப்படுமுன் நண்பர் நான்கு ரயர்களையும் மாற்றினார். பழையவற்றின் பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்வுக் குறி மேற்பரப்போடு சமமாகும் நிலைக்கு வந்திருந்தது. பள்ளத்தில் 1.6 மில்லிமீற்றர் ஆழமே எஞ்சியுள்ளது என எச்சரிக்கும் குறி அது.

புதியவற்றுக்குக் “கோடைக்கால உயர்திறன் ரயர்” என்று பெயர். பனி பெய்யும் ஐரோப்பிய நாடுகளில் குளிர்காலத்துக்கு ஒன்றும் கோடைக்கு ஒன்றுமாக இருவகை ரயர் வைத்திருப்பர். கோடை ரயரின் இறப்பர்க் கலவை வெப்பத்தில் உறுதியாக நின்று வீதியைப் பற்றும். வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது இறுகிப் பிடியை இழக்கத் தொடங்கும். நமக்கோ ஆண்டு முழுவதும் கோடைதான். இலங்கையில் அந்த எல்லையை நெருங்கும் ஊர் நுவரெலியா. தை, மாசி மாதத்து விடியற்காலைகளில் அங்கே புல்வெளியில் உறைபனி படிவதும் உண்டு.

ரயரின் பக்கச் சுவரில் 205/55 ஆர் 16 91 வி என்று பொறித்திருந்தது. இதனைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரை நம்பியே இருக்க வேண்டியதில்லை. அகலம் 205 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. சில்லின் விட்டம் 16 அங்குலம். 91 என்பது ஒரு ரயர் 615 கிலோ சுமக்கும் என்பதன் குறியீடு. ‘வி’ என்பது மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்தைத் தாங்கும் என்பதைக் குறிக்கும். நமது அதிவேகப் பாதைகளிலும் 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடச் சட்டம் இடந்தராதாகையால், அந்தத் திறனிற் பெரும்பகுதி இங்கே உறங்கியே கிடக்கும். வேறோரிடத்தில் நான்கு இலக்கங்கள் உள்ளன. அவை ரயர் வார்க்கப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும்.

“ஐயா, முதல் முந்நூறு கிலோமீற்றருக்கு மெல்ல ஓடுங்கோ. புது ரயர் கொஞ்சம் வழுக்கும்,” என்றார் ரயர்க் கடைத் தம்பி. அச்சிலிருந்து ஒட்டாமற் கழல்வதற்காகப் பூசப்படும் பொருளின் மென்படலம் மேற்பரப்பில் இருப்பதே அதற்குக் காரணம். எங்களுக்கு அது வாய்ப்பாக அமைந்தது. யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையிலான ஏ 9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். மலையேறுமுன் ரயரைப் பழக்குவதற்கு அதனினும் நல்ல வீதி வேறெது?

ஆனையிறவைத் தாண்டி, மாங்குளம், வவுனியா வழியாக நீண்டு செல்லும் நேர்ப்பாதையில் முதலில் உணர்ந்தது ஓசைக் குறைவு. அடுத்து, சுக்கானைச் சிறிது திருப்பியதும் கார் தாமதமின்றித் திரும்பிற்று. குறையும் உண்டு. பக்கச் சுவர் குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால், வீதியிற் கிடந்த சிறு கல்லும் இருக்கை வரை வந்து தன் வரவைச் சொல்லிற்று. பிடிப்பு மிகுந்த கலவை விரைவில் தேயும் என்பதையும் வாங்குவோர் மறத்தலாகாது.

இரவு கண்டியில் தங்கி, மறுநாட் காலை பேராதனை, கம்பளை வழியாக மலையேறினோம். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்குச் செல்லும் பாதை இது. புசல்லாவையைக் கடந்ததும் தேயிலைச் சரிவுகளை மூடிக்கொண்டு மழை இறங்கிற்று. ரயரின் அகன்ற பள்ளங்கள் நீரை வாரி இருபுறமும் எறிவதைக் கண்ணாடியூடாகப் பிள்ளைகள் பார்த்து மகிழ்ந்தனர். பள்ளம் தேய்ந்த ரயரால் இந்த நீரை வெளியேற்ற இயலாது. விரைந்து செல்லும்போது நீர்ப்படலத்தின் மேல் மிதந்து, சுக்கானுக்கும் பிறேக்குக்கும் அடங்காமற் போகும்.

ஒரு முடக்கில் கொழுந்து ஏற்றிய லொறியொன்று வீதியின் நடுவே வந்தது. நண்பர் பிறேக்கை அழுத்தினார். கார் பக்கவாட்டிற் சறுக்காமல், இழுத்துப் பிடித்தாற்போல் நேராக நின்றது. இடப்புறம் பள்ளத்தாக்கு. சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

“நல்ல ரயர்தான், மாஸ்ரர்,” என்றேன்.

“ரயர் நல்லதுதான். ஆனால் நாங்கள் முப்பதிலை வந்தபடியால்தான் நிண்டது. அறுபதிலை வந்திருந்தால் பிறேக் பிடிச்சு நிக்க நாலு மடங்கு தூரம் வேணும். அவ்வளவு தூரம் இங்கை எங்கை இருக்கு?”

வேகம் இரு மடங்கானால் பிறேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது பௌதிக விதி. வகுப்பறைக் கரும்பலகையில் வெறுங் கணக்காக நின்ற அந்த உண்மை, கொத்மலைச் சரிவின் ஓரத்தில் ஐந்து உயிர்களின் கணக்காயிற்று. சற்று மேலே கரண்டியெல்ல. 2025 மே மாதம் 11ஆம் திகதி அதிகாலையில் பயணிகள் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்ட இடம் அது. அவ்விடத்தைக் கடக்கையில் நண்பர் காரை இன்னும் மெதுவாக்கினார்.

இறம்பொடை அருவி மழையிற் பெருகி வெண்மையாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. 1876ஆம் ஆண்டில், பிரேசிலில் எடுத்த விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த இறப்பர்க் கன்றுகள், கம்பஹாவின் ஹெனரத்கொடத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மரத்தின் பாலும், சிலிக்காவும், உருக்குக் கம்பியும் ஒன்றாகி நம்மை மலையேற்றுவது வியப்பன்றோ?

மலைநாடு செல்லும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். புறப்படும் நாளன்று, ரயர்கள் குளிர்ந்திருக்கும் காலை வேளையிலேயே காற்றின் அளவைப் பாருங்கள். குனிந்து நான்கு ரயர்களின் தேய்வுக் குறியையும் பாருங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும். மலையின் அழகு அதற்குள் எங்கும் ஓடிவிடாது.