சறுக்குறதுக்குப் பனி வேணுமா?

எங்களில் ஒருத்தரும் பனியைத் தொட்டதில்லை. ஃப்ரிட்ஜின்ர மேல்தட்டில சுரண்டி எடுத்ததை விட்டால் சரி. அப்படியிருக்க, ஸ்னோபோர்ட்டின் அசைவுகளைத் தார் ரோட்டுக்குக் கொண்டுவந்த ஒரு பலகையைப் பற்றி எழுதுகிறோம் என்றால், காரணம் ஒரு மச்சான்தான். ரொறன்ரோவில் இருந்து லீவுக்கு வந்தவர், திரும்பிப் போகும்போது பாரம் கூடிப்போச்செண்டு அதை எங்கட தோழியிட்ட விட்டிட்டுப் போனார். பெயர் ஃப்ரீபோர்ட். எங்கட வளாகம் மலைச்சரிவில இருக்கிறபடியால், அது சும்மா மூலையில கிடக்கேல்லை.

ஸ்கேற்போர்ட்டுக்கு நாலு சில்லு, இதுக்கு ஆறு. நாலு சில்லும் ஓரங்களில் அகலமாக நிற்கும். மற்ற இரண்டும் பலகைக்கு நடுவில, முன்னால ஒண்டு, பின்னால ஒண்டு. சுப்பர்மார்க்கெற் தள்ளுவண்டிச் சில்லு மாதிரி அவை எந்தப் பக்கமும் சுற்றும். சூட்சுமம் இதிலதான்: நடுச்சில்லுகள் ஓரச்சில்லுகளைவிடக் கொஞ்சம் பதிவாக இருக்கின்றன. ஆகவே நாலு ஓரச்சில்லும் ஒரே நேரத்தில நிலத்தைத் தொடாது. பாரத்தைக் குதிப்பக்கம் போட்டால் அந்தப்பக்கச் சில்லுகள் பிடிக்கும், விரல்பக்கம் போட்டால் மற்றவை பிடிக்கும். இரண்டிலும் போடாவிட்டால் பலகை தன்ர எண்ணத்துக்குப் போகும். கால் கழராமல் இருக்க இரண்டு கொளுக்கி இருக்கு. பிறேக் எண்டு தனியா ஒண்டுமில்லை. பலகையைக் குறுக்கே திருப்பி, மேட்டுப்பக்க ஓரத்தை அழுத்திச் சில்லுகளைத் தேய்க்கவேணும். அவ்வளவுதான் பிறேக்.

பள்ளப்பக்க ஓரம் தெரியாத்தனமாகத் தொட்டுதெண்டால் கதை முடிஞ்சுது. பலகை அப்படியே நிற்கும், நீங்கள் நிற்கமாட்டீங்கள். பனியிலும் இதே விழுகைதான் என்கிறார்கள். ஆனால் பனி ஆளை ஓரளவு ஏந்தும். தார் தோலை எடுக்கும்.

இந்தப் பலகை பிறந்த ஊர் சான் பிரான்சிஸ்கோ. 90களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீன் ஸ்ட்ராண்ட் அதை உருவாக்கினார். அந்த ஊரைப் பார்த்தால் ஏனெண்டு விளங்கும். அங்கே ஃபில்பேர்ட் வீதியின் ஒரு துண்டு 31.5% சரிவு, அதாவது 100 அடி முன்னால போனால் 31.5 அடி கீழே இறங்கிவிடுவீர்கள். வீட்டு வாசலில மலை இருக்கு, பனிதான் இல்லை. இதுக்கு முன்னமும் ஒருக்கா இப்படி நடந்திருக்கு. 1965இல் மிச்சிகன் மாநிலத்தில் ஷேர்மன் பொப்பன் என்பவர் தன் பிள்ளைகளுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டினார். கடலலைச் சறுக்கலைப் பனிக்குக் கொண்டுவந்த அந்த விளையாட்டுச் சாமானில் இருந்துதான் ஸ்னோபோர்ட் வளர்ந்து, 1998இல் நகானோ ஒலிம்பிக் வரைக்கும் போனது. கடலில இருந்து பனிக்கு, பனியில இருந்து தாருக்கு. ஆரிட்ட எது இல்லையோ அவையள்தான் அடுத்ததைக் கண்டுபிடிக்கினம்.

ஆனால் ரோட்டில ஒரு சிக்கல் இருக்கு. பனிமலைக்கு ரிக்கற் எடுத்துப் போகலாம். ரோட்டு எல்லாருக்கும் சொந்தம், அதனாலேயே விளையாடுறவைக்குச் சொந்தமில்லை. 2023 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் டொலோரஸ் பூங்காவடியில், வருசாவருசம் அனுமதியில்லாமல் நடக்கும் ஸ்கேற்போர்ட் இறக்கத்தில் 100 பேருக்கு மேல் பொலிஸ் பிடித்தது. பெரும்பாலானவர்கள் 18 வயதுகூட ஆகாதவர்கள். அந்த இறக்கத்தில் முந்தி உயிரிழப்பும் நடந்திருக்கு, அதையும் சொல்லத்தான் வேணும். எண்டாலும் பெற்றோர் விடிய மட்டும் பிள்ளைகளுக்காகக் காத்துநின்ற செய்தியை வாசிக்க எங்களுக்கு ஒரு மாதிரி இருந்தது. எங்கட அம்மாக்களுக்கு ரோட்டெண்டால் அடையாள அட்டையைக் கையில வைச்சுக்கொண்டு, குனிஞ்ச தலை நிமிராமல் போய்வந்த இடம். "ரோட்டில என்ன விளையாட்டு?" என்று அவையள் கேட்கிறது வெறும் வாய்ப்பழக்கமில்லை.

எங்களுக்குள்ளயும் எல்லாருக்கும் ஒரே ரோட்டில்லை. பெடியள் விழுந்தால் போறவாற ஆக்கள் சிரிப்பினம். தோழி விழுந்தால், "பொம்பிளைப் பிள்ளை, உனக்கேன் உது?" எண்டு சைக்கிளை நிப்பாட்டிக் கேட்பினம். அவளின்ர முழங்கையில சிராய்ப்பு. அவளுக்குப் பெரிய பயம் அது இல்லை. கை முறிஞ்சால் சோதினை எழுதேலாது, வீட்டில கம்பஸே வேண்டாம் எண்டிடுவினம். ஹெல்மெற்றும் முழங்கால் கவசமும் இல்லாமல் ஏறுறேல்லை எண்டு நாங்கள் நாலு பேரும் பேசிவைச்சதுக்குக் காரணமும் அதுதான். காசு சேர்த்து ஒரு சோடிதான் வாங்கினது, முறை வைச்சுப் போடுறம்.

இப்ப ஞாயிறு காலமையில, வாகனம் வராத ஒரு சின்னச் சரிவில இறங்குறம். கீழே ஒருத்தர் காவல். குதிப்பக்கச் சறுக்கல் எல்லாருக்கும் ஓரளவு வரும், முகம் பள்ளத்தைப் பார்த்தபடி இருக்கிறதால. விரல்பக்கம் அப்படியில்லை. பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போற இடம் தெரியாமல் போகவேணும். நாலு பேரில அது வாறது தோழிக்கு மட்டுந்தான்.