மூன்று மணி என்றால் காலை ஒன்பது மணி!

டான்சானியா நாட்டின் வடக்கே, கென்யா எல்லையை ஒட்டி நிற்கிறது கிளிமஞ்சாரோ மலை. உயரம் 5,895 மீட்டர். உச்சியில் பனி, தெற்குச் சரிவில் வாழையும் காபியும். அந்தச் சரிவில் வாழும் சக்கா இன மக்களில் பெரும்பாலானோர் சிறு விவசாயிகள். வீட்டைச் சுற்றி இரண்டு ஏக்கர் இருந்தாலே பெரிது. விளைந்த காபியை விற்பதற்காக 1925-ம் ஆண்டிலேயே சங்கம் வைத்தவர்கள் இவர்கள். 1933-ல் அது கூட்டுறவு ஒன்றியமாக மாறியது. ஆப்பிரிக்காவின் பழமையான விவசாயக் கூட்டுறவுகளில் அதுவும் ஒன்று. தலைமையிடம், மலையடிவாரத்தில் இருக்கும் மோஷி நகரம்.

இந்த மோஷிக்கு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இளைஞர்கள் தன்னார்வலர்களாக வந்துகொண்டே இருக்கிறார்கள். சிலர் பள்ளிக்கூடங்களுக்குப் போவார்கள். சிலர் கிராமச் சங்கங்களோடு சேர்ந்து தோட்டங்களில் வேலை செய்வார்கள். சில வாரம், மிஞ்சினால் சில மாதம் தங்குவார்கள். நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனாலும் முதல் நாளே குழப்பம் ஆரம்பித்துவிடும்.

‘நாளைக்கு மூன்று மணிக்குச் சங்கத்துக்கு வாருங்கள்’ என்று சுவாஹிலி மொழியில் சொன்னால், காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே விடியலில் இருந்துதான் மணியை எண்ணுவார்கள். காலை ஏழு மணி என்பது அவர்களுக்கு ஒரு மணி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கும். அதனால் இந்தக் கணக்கு பிசகாது. ஜாதகத்தில் உதயாதி நாழிகை பார்க்கும் நம்மவர்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். வெளிநாட்டுப் பையனுக்குப் புரியாது. பிற்பகல் மூன்று மணிக்குப் போய், பூட்டின கதவைப் பார்த்து, ‘சொன்ன நேரத்துக்கு யாருமே வரவில்லை’ என்று சலித்துக்கொள்வான். காபி பறிப்பு நேரத்தில் அரை நாள் வேலையை விட்டுவிட்டு, காலையில் அவனுக்காகக் காத்திருந்தவர்களும் அவனைப் பற்றி அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்தது வணக்கம். வயதில் சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்தால் ‘ஷிகமோ’ என்று சொல்ல வேண்டும். ‘உங்கள் காலைப் பிடிக்கிறேன்’ என்ற பேச்சிலிருந்து வந்த வார்த்தை என்பார்கள். பெரியவர் ‘மரஹபா’ என்று ஏற்றுக்கொள்வார். பிறகு வீடு, பிள்ளைகள், வேலை என்று வரிசையாக நலம் விசாரித்துவிட்டுத்தான் காரியத்தைப் பேசுவார்கள். வந்ததும் வராததுமாக ‘நாற்று எங்கே?’ என்று கேட்பவரை வளர்ப்பு சரியில்லாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

‘பாடோ’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘இன்னும் இல்லை’ என்று பொருள். கல்யாணம் ஆகாத அறுபது வயதுக்காரரிடம் ‘கல்யாணம் ஆயிற்றா?’ என்று கேட்டாலும் ‘பாடோ’ என்றுதான் சொல்வார். வெறுமனே ‘இல்லை’ என்பது முகத்தில் அடிப்பது போல. எனவே, ‘உரக்குழி வெட்டியாச்சா?’ என்ற கேள்விக்கு ‘பாடோ’ என்று பதில் வந்தால், அடுத்த வாரம் வெட்டிவிடுவார்கள் என்று தன்னார்வலர் நோட்டில் எழுதிக்கொள்வார். அந்தக் குழி வெட்டப்படாமலே போகலாம். ‘பார்க்கலாம்’ என்று நாம் சொல்வதும் கிட்டத்தட்ட இதே ரகம்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக் கூடியவை. தோட்டத்துக்குள் நடக்கும் தப்பு அப்படியல்ல.

வீட்டைச் சுற்றியிருக்கும் தோட்டத்தை ‘கிஹம்பா’ என்கிறார்கள். மேலே சில்வர் ஓக், அல்பீசியா போன்ற மரங்கள். அதற்குக் கீழே வாழை. வாழை நிழலில் காபி. தரையில் சேப்பங்கிழங்கு. மரத்தில் ஏறும் வள்ளிக்கொடி. நூற்றுக்கும் மேற்பட்ட செடி வகைகளை இந்தத் தோட்டங்களில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். வாழை இலையும் தண்டும் கொட்டிலில் கட்டிய மாட்டுக்குத் தீவனம். சாணம் திரும்ப வாழைக்கும் காபிக்கும் போகும். 2011-ல் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு இதைப் பாரம்பரிய வேளாண் முறையாக அங்கீகரித்தது.

வரிசை வரிசையாக நட்ட எஸ்டேட் படங்களைப் பார்த்துவிட்டு வருபவருக்கு இது புதர்க்காடு. ‘நிழலைக் கழித்தால் காபி கூடுதலாகக் காய்க்குமே’ என்பார். காய்க்கவும் செய்யும். ஆனால், நிழல் போன செடி உரமும் தண்ணீரும் அதிகம் கேட்கும். மழையில்லாத மாதங்களில் மண் காய்ந்துபோகும். எல்லாவற்றையும்விட, வாழைதான் அந்தக் குடும்பத்தின் சாப்பாடு. உலகச் சந்தையில் காபி விலை படுத்துவிட்ட 2001-ம் ஆண்டு வாக்கில் கையில் காசு இல்லாவிட்டாலும் வீட்டில் வாழைத்தார் இருந்தது. இதையெல்லாம் விவசாயி விளக்கிக்கொண்டு இருக்க மாட்டார். விருந்தாளி மனம் நோகக் கூடாது என்று தலையை ஆட்டுவார், இரண்டு கிளையையும் கழிப்பார். தன்னார்வலர் விமானம் ஏறியதும் பழையபடி நடக்கும். ஆலோசனை பலித்துவிட்டது என்ற நினைப்போடு அவர் ஊருக்குப் போயிருப்பார்.

இதைவிட ஆபத்தானது களையெடுப்பு. தோட்ட ஓரங்களில் நீண்ட இலையோடு ‘இசாலே’ என்ற செடி வரிசையாக நிற்கும். நம் நர்சரிகளில் அழகுக்காக விற்கும் டிரசீனா வகை. சாப்பிட உதவாது, விலைக்கும் போகாது. தெரியாதவர் கைக்கு அதுதான் முதலில் அகப்படும். ஆனால், சக்கா மக்களுக்கு அதுதான் எல்லைக்கல். இரண்டு ஏக்கருக்கும் குறைவான நிலத்தை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ளும் ஊரில், நாலு இசாலேயைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாத்தா பாட்டியைப் புதைத்த மண்ணும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

அப்படிப் பிடுங்கிவிட்டால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தப்பு செய்தவர், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, இசாலே இலையைக் கையில் ஏந்தி அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இசாலேயோடு வந்து மன்னிப்புக் கேட்பவரை மறுத்து அனுப்புவது வழக்கம் இல்லை. அதன் பிறகு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களையும் நிற்க வைத்து, பழைய இடத்திலேயே போத்தை ஊன்ற வேண்டும். இசாலே ஒடித்து நட்டாலே பிழைத்துக்கொள்ளும்.