பெயர் தெரியும், நூல் தெரியுமா?

தமிழாசிரியன் என்றால் சங்க நூலும் சிலம்புமே படிப்பான் என்பது பலரது எண்ணம். எனக்கோ நாவல் படிப்பது நெடுநாள் பழக்கம். திருவரங்கத்திலே வீடு, திருச்சியிலே கல்லூரி. பேருந்து காவிரிப் பாலத்தைக் கடக்கும் நேரத்திலும் இரண்டு பக்கம் புரளும். மலைக்கோட்டை அடிவாரத்து நடைபாதையிலே அட்டை கிழிந்து கிடக்கும் பழைய நாவல்களிடம் எனக்குத் தனிப் பற்று. புகழ் பெற்ற நூலுக்கு ஆயிரம் வாசகர் உண்டு. மறக்கப்பட்ட நூலுக்கு நாதி ஏது?

தமிழின் முதல் நாவலைத் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, திருச்சியை அடுத்த குளத்தூரிலே 1826-இல் பிறந்தவர். 1879-இல் வெளிவந்த அவரது 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஞானாம்பாள் ஆணுடை தரித்து அரசாளுகிறாள். பெண்ணுக்குப் பள்ளிக்கூடமே அரிதாயிருந்த நாளிலே, அரியணை! 1903-இல் அ. மாதவையா, 'முத்துமீனாட்சி'யிலே இளம் விதவைக்காக வழக்காடினார். இந்நூல்களின் பெயரையேனும் மாணவர் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். அந்தப் பேறும் கிட்டாத நாவல் ஒன்று உண்டு. 1936-இல் வெளிவந்த 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்பதே அது.

எழுதியவர் யார்? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்! 1938 ஆகஸ்டு 1-ஆம் நாள் இதே திருச்சியிலிருந்து புறப்பட்டு, செப்டம்பர் 11-இல் சென்னையை அடைந்த இந்தி எதிர்ப்புப் படையிலே, ஐம்பத்தைந்து வயதில் நடந்த வீரத்தாய். அவர் பெயரால் கல்லூரிப் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022-இல் தொடங்கியது. அந்த உதவி பெற்ற மாணவியரிடம் ஒருநாள் கேட்டேன்: "அம்மையார் எழுதிய நாவல் எது?" வகுப்பில் ஓசையே இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்வானேன்? நூலை அவர்கள் கண்ணிலே யார் காட்டினார்கள்?

"பிரசாரம்; கலை அல்ல" என்று ஒதுக்குவோர் உண்டு. மாந்தர் சில இடங்களிலே மேடைப் பேச்சுப் பேசுவது உண்மைதான். ஆயினும், பொட்டுக்கட்டும் வழக்கத்தின் சூழலிலேயே வளர்ந்து, அதை உதறி எழுந்த பெண்ணொருத்தி, உள்ளிருந்து கண்டதை உலகுக்கு உரைத்த நூல் அது. சொத்தும் மானமும் எப்படிச் சுரண்டப்படுகின்றன, தாயே மகளை எப்படித் தொழிலுக்குப் பழக்குகிறாள் என்பதையெல்லாம் கூசாமல் காட்டினார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்திலே வந்தது 1947-இல். பதினோராண்டு முன்னரே தீர்ப்பெழுதிய பேனா அது!

திருவரங்கத்திலே வெள்ளைக் கோபுரம் நிற்கிறது. கோயில் தாசி வெள்ளையம்மாள், படையெடுத்து வந்த தளபதியை அதன் உச்சிக்கு அழைத்துச் சென்று கீழே தள்ளி, தானும் உயிர் துறந்தாள் என்று வழிவழியாகச் சொல்லுவர். அவள் சாவு கோபுரத்தின் பெயராயிற்று. வாழ்வு? அவள் என்ன நினைத்தாள், எதற்கு ஏங்கினாள்? கோபுரம் சொல்லாது. அத்தகைய பெண்களின் உள்ளத்தை அம்மையாரின் நாவல் சொல்லுகிறது. அதையும் வெறும் பெயராக்கி விடலாமா?

2003-இல் அந்நூல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. வேற்று மொழியார் படித்து ஆராய, எழுதப்பட்ட மொழிக்குரியவர் அறியாதிருப்பது முறையா? ஊர்தோறும் நூலகத்திலே ஒரு படி இருக்கட்டும். அம்மையார் பெயரால் உதவி பெற்ற ஒவ்வொரு பெண்ணும், அந்தப் பணத்திலே அவர் நாவலை வாங்கி, வீட்டுத் திண்ணையிலே தன் தாய்க்குப் படித்துக் காட்டட்டும்!